புதுத் தண்ணீருக்கு முன்னால் நின்றவருக்கு

கராமா, துபாய்.

அன்புள்ள ஒட்டடைக்குச்சி மச்சானுக்கு,

உங்கள் ராக்கு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசி அனுப்பினால் ஒரே டிக்தான் விழுகிறது. அதனால் நான் வேலை பார்க்கிற மேடம் வீட்டுப் பாப்பாவிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். உங்கள் ரூம்கார சாகிர் தம்பி அடுத்த லீவுக்கு அந்த வாதிக்கு, அதுதான் இங்கே மலையாற்றுப் பள்ளத்துக்குச் சொல்கிற பேர், அங்கே போகிறாராம். அங்கே ஒரு கல்லுக்கு அடியில் இதை வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

தேடுவதை நிறுத்திவிட்டார்கள் மச்சான். ஹெலிகாப்டர் விட்டார்கள், நாய் விட்டார்கள், மண் அள்ளுகிற வண்டி விட்டார்கள், குறை சொல்ல முடியாது. கடல் வரைக்கும் பார்த்தாயிற்று, இனி மாஃபி என்று உங்கள் கம்பெனி ஆள் கையை விரித்தார். மாஃபி என்றால் இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். சோறு மாஃபி, லீவு மாஃபி, பொண்டாட்டி முகம் மாஃபி என்று பாடிச் சிரிப்பீர்கள். அன்றைக்கு அந்த ஆள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் கடைசியாக அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை. நடுவில் ஒடுங்கிப்போன ஆற்றுப் பள்ளம். கீழே நூல் போலத் தண்ணீர். மலை இடுக்கில் பொழுது இறங்குகிறது, பாறையெல்லாம் நம் ஊர்க் காட்டில் காயப்போட்ட மிளகாய் நிறம். ஊரில் நாம் கட்டுகிற புது வீட்டுக் கூடத்தில் மாட்டக் கடையில் விற்கிற பனிமலைப் படம் வேண்டாம், நானே எடுத்ததைப் பெரிசாகப் போட்டு மாட்டுகிறேன் என்றீர்கள். அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை புஜைரா பக்கம் போனீர்கள். நம் மகள் அருணா அதை ஸ்டேட்டஸில் வைத்து, எங்க அப்பா எடுத்தது என்று போட்டிருந்தாள். தினமும் அது மறைந்ததும் திரும்ப வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாகிர் தம்பி வந்து சமையல்கட்டு வாசலில் நின்று அழுதார். “மதினி, மேல எங்கயோ மலையில மழை பெஞ்சிருக்கு. எங்களுக்கு ஒரு சொட்டு இல்ல. பாகிஸ்தான்காரர் பட்டாணி டிரைவர், பாய் ஊப்பர் ஆவோ, ஜல்தி ஜல்தின்னு, சீக்கிரம் மேல ஏறி வாங்கன்னு தொண்டை கிழியக் கத்துறாரு. நாங்கள்லாம் ஏறிட்டோம். முனியசாமி அண்ணன் மட்டும் சிரிச்சுக்கிட்டே செருப்பைக் கழட்டுறாரு மதினி. ஓட வேண்டிய நேரத்துல செருப்பை எதுக்குக் கழட்டணும்?” என்று கேட்டார். போலீசும் அதையே கேட்டார்களாம். கேம்பில் எல்லாரும், “அது ஒரு போட்டோப் பைத்தியம்” என்று பேசி முடித்துவிட்டார்கள். படத்துக்கு ஆசைப்பட்டுச் செத்தவன் என்று போன் செய்தியில் யாரோ முகம் தெரியாதவன் எழுதியிருக்கிறான்.

எனக்குத் தெரியும் மச்சான். பரமக்குடியில் வைகைக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? தண்ணி வருது என்று சத்தம் கேட்டதும் ஊரே மணலில் இறங்கி எதிரே ஓடும். சூடம் கொளுத்துவோம், பூப் போடுவோம். செருப்புக்காலோடு ஒருத்தரும் நிற்க மாட்டோம். நுரையும் சருகுமாக மணலை நனைத்து நனைத்துத் தவழ்ந்து வந்து கால்விரலை முட்டும். அதுவரைக்கும் அசையாமல் நிற்போம். வருஷக்கணக்காக வராத ஆறு அது. அதைக் கண்டு ஓட உங்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

படத்துக்குப் பின்னால் நீங்கள் பேசி அனுப்பியதிலும் அந்தச் சந்தோஷம்தான் இருக்கிறது. “ஏ ராக்கு, புதுத் தண்ணி வருது புள்ள! இந்தா, காலைத் தொட வந்துருச்சு!” பின்னால் ஒரு இரைச்சல். காற்று என்று நினைத்துவிட்டேன். முதலில் கணுக்கால் அளவுதான் வந்ததாம். அதற்குப் பின்னாலேயே பாறையை உருட்டிக்கொண்டு மதில் மாதிரி வந்ததாம். சாகிர் தம்பியிடம் நம் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். “எங்க கீழக்கரையில கடல்தான் மதினி, எங்களுக்கு இது தெரியாதே” என்று சுவரில் முட்டிக்கொண்டார்.

இப்போது குழாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திறந்த கையை இழுத்துக்கொள்கிறேன். மேடம் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை அவர்களே கழுவுகிறார்கள். நல்ல மனுஷி. நாளைக்கு மதுரை ஃபிளைட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள், என் இடத்துக்கு வேறு ஆளும் பார்த்தாயிற்று. உங்களை இந்த மண்ணில் எங்கேயோ விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி விமானம் ஏறுவது? பேர் சொல்லத் தெரியாமல் ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடப்பாரோ என்று கேட்டேன். “எல்லா ஆஸ்பத்திரியிலயும் பாத்தாச்சு மதினி” என்றார் சாகிர் தம்பி.

ஊரிலிருந்து உங்கள் அண்ணன் பேசினார். “உடம்பு கிடைக்காட்டி என்ன, வைக்கோல்ல ஆள் செஞ்சு காரியத்தை முடிச்சிருவோம். பொட்டும் பூவுமா வந்து எறங்காத, ஊர் வாயில விழ முடியாது” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை போனைப் பிடுங்கி, “வெறும் நெத்தியோட என் வாசலை மிதிச்சிராதடி ராக்கு. எம்மவன் வருவான். நீ அழிச்சிட்டா அவன் செத்தே போயிருவான்” என்று கதறினார்கள். இரண்டு பேரும் ஏர்போர்ட்டுக்கு வருகிறார்களாம். அருணாவும் வருகிறாள். அவள் முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பாள்.

பெட்டி கட்டிவிட்டேன். உங்கள் கைலியை மேலாக வைத்திருக்கிறேன். எங்கே கிடந்தாலும் நம் கறுப்பசாமி உங்களைக் கரையேற்றி விடட்டும். ஈரத்தோடு படுக்காதீர்கள். அண்ணன் சொல்வதும் அத்தை சொல்வதும் கிடக்கட்டும். இப்படிக்கு உங்கள் ராக்கு கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்: நாளைக்கு மதுரையில் நான் பொட்டோடு இறங்கட்டுமா மச்சான், அழித்துவிட்டு இறங்கட்டுமா?