இரண்டு நோட்டீசுக்கும் ஒரே தலைப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தைக் கேட்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! நம் தெருவில் இருந்த பழைய அச்சகத்தைப் பற்றியதுதான். அந்தக் காலத் தேர்தலில் பரம எதிரிகளாக நின்ற கடிகாரக்காரர், மரக்கடைக்காரர் இருவருக்குமே அங்கேதான் நோட்டீஸ் அடித்தார்கள் என்று எழுதியிருந்தேன். ஆதாரம் போதாது என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார், இந்த முறையும் தேறாவிட்டால் பட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான். நீகூட ஃபோனில், எதுக்கும்மா இந்த வயசுல, பேசாம ரெஸ்ட் எடு என்றாய். ரெஸ்ட்டாவது ஒன்றாவது.

ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா, நம் வீட்டு அலமாரியில்! துடைக்கலாம் என்று பாத்திரங்களை எடுத்தால், அடியில் விரித்திருந்தது மரக்கடைக்காரரைத் திட்டிக் கடிகாரக்காரர் போட்ட நோட்டீஸ். மேலே 'ஊழல்' என்று கொட்டை எழுத்து, முதல் எழுத்தின் வயிற்றில் குறுக்கே ஒரு கீறல். எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பழைய நோட்டீஸ்கள் சேர்த்துவைத்த என் பெட்டியைக் குடைந்தால், கடிகாரக்காரரைத் திட்டி மரக்கடைக்காரர் போட்டதிலும் அதே 'ஊழல்', அதே கீறல்! ஒரே அச்செழுத்தால் அடித்தால்தானே அப்படி விழும்? அச்சகக்காரர் மகளிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, ஆமாங்க, அப்பா ஒருதரம் கோத்த தலைப்பு எழுத்தைக் கலைக்கவே மாட்டார், கீழே பேரை மட்டும் மாத்துவார், ஒருத்தர் முன்வாசல்ல வந்தா இன்னொருத்தரைப் பின்வாசல்ல அனுப்பிடுவார் என்றார். நேற்று தேர்வாளர்கள் முன்னால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் பிடித்துக் காட்டினேன். கீறலோடு கீறல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பேராசிரியரே எழுந்து வந்து பார்த்து, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் என்றார். இந்தக் குப்பையை எடைக்குப் போடு என்று கரித்துக்கொட்டிய உன் அப்பா, இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நாங்க கண்டுபிடிச்சோம் என்கிறார். நாங்களாம்!

உண்மையைச் சொல்கிறேன், நீ போனபின் வீடு வெறிச்சென்று கிடந்தது, அதைத் தாங்க முடியாமல்தான் படிக்கச் சேர்ந்தேன். நேற்று கல்லூரிப் படியிறங்கி வரும்போது என் நினைவில் நீ இல்லை, அந்தக் கீறல்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, அவ்வளவு சந்தோஷம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு இப்போதே லீவு சொல்லிவை. உன் விழாவில் நான் கடைசி வரிசையில் எக்கி எக்கிப் பார்த்தேன், என் விழாவில் நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

இப்படிக்கு,
முதல் வகுப்பில் தேறிய
உன் அம்மா