அலுமாரி கேட்ட கடவுச்சொல்

செவ்வாய், 4 பெப்ரவரி 2025

பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்தச் சின்னக் கட்டம் இன்றைக்கும் கணினித் திரையில் வந்து நின்றது. புதுவருடத்துக்குப் பிறகு பிடித்த வியாதி. பரீட்சைக் கட்டுரையின் பதினெட்டாம் பக்கத்தில் நின்றேன். மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், பிழை என்றது. கணினியைத் திறக்கிற கடவுச்சொல்லைக் கொடுத்தேன், அதுவும் பிழை. மூடிவிட்டுப் போய்ச் சமைத்தேன். திரும்பி வந்தால் மறுபடி நிற்கிறது.

"நீர் எதையோ அமத்திப்போட்டீர்," என்றார் இவர். இருபத்தெட்டு வருடமாக வீட்டில் எது பழுதானாலும் என் கணவர் கிறிஸ்துநாயகம் சொல்கிற முதல் வசனம் அது.

வியாழன், 6 பெப்ரவரி

வேலை இல்லாத நாள், எழுதலாம் என்று இருந்தேன். ஆறு தடவை வந்தது!

கொப்பன்ஹேகனில் இருக்கும் மகள் கிளோறியாவுக்குப் போன் எடுத்தேன். நான் தமிழில் கேட்க, அவள் வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள்: யார் கேட்கிறது என்று தெரியாமல் எந்தக் கட்டத்திலும் கடவுச்சொல்லை எழுதாதே. சரியான பேச்சு. யார் கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குள் கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

சனி, 8 பெப்ரவரி

இவர் தன் சிநேகிதன் தாரகனோடு கதைத்துவிட்டார். தாரகன் அடுத்த சனி ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வருவாராம். கணினியை முழுதாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தருவாராம்.

"என்ர கட்டுரை?"

"எல்லாம் தானாப் பிரதி ஆகுதெல்லோ. கிளோறியா செய்து வைச்சவள். பயப்பிடாதையும்."

நாற்பத்தொன்பது வயதில், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்துகொண்டே, அதற்கு அடுத்த படியான அசிஸ்டன்ற் வேலைக்குப் படிக்கிறேன். மாதக் கடைசியில் கட்டுரையைக் கொடுக்கவேண்டும். பயப்பிடாதையாம்.

ஞாயிறு, 9 பெப்ரவரி

பூசையால் வந்தும் மனம் ஆறவில்லை. இல்லத்தில், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவர் திடீரென்று கத்தினால் என்ன செய்வோம்? எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு, பக்கத்தில் யார் என்று எழுதிவைப்போம். சில நாள் எழுதினால் காரணம் பிடிபட்டுவிடும். இதற்கும் அப்படியே எழுதப்போகிறேன். சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

இன்று: 2 மணி, 4 மணி, 6 மணி.

திங்கள், 10 பெப்ரவரி

வேலையால் வந்தபின்: 4, 6. நிமிடம் பிசகவில்லை. மின்னஞ்சலை மூடியே வைத்திருந்தேன். அப்படியும் வந்தது. ஆகவே கேட்பது மின்னஞ்சல் அல்ல.

புதன், 12 பெப்ரவரி

இன்று கட்டத்தை மூடாமல் வாசித்தேன். இத்தனை நாளும் வாசிக்கவே இல்லை என்பதுதான் வெட்கம். முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு டேனிஷ் சொல்! மொழிப் பள்ளியில் செய்ததுபோல வெட்டிப் பார்த்தேன்: வலையமைப்பு, அடையாளம், விவரம். அதற்குக் கீழே, எதனோடு இணையவேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்: ஸ்காப். டேனிஷில் அலுமாரி.

எங்கள் நடை அலுமாரிக்குள் கிளோறியா வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. பிரதிகள் போய்ச் சேர்கிற இடம். அலுமாரிக்குள் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

கள்ளன் இல்லை. பிரதி எடுக்கிற மென்பொருள்தான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அந்தப் பெட்டிக்குள் போகக் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அதற்கு உள்ளே போக முடியவில்லை. அப்படியென்றால் — பிரதியே ஆகவில்லையா?

வியாழன், 13 பெப்ரவரி

ஆகவில்லை. மென்பொருளைத் திறந்து பார்த்தேன். கடைசியாக ஒழுங்காக எடுத்த பிரதி: 5 ஜனவரி. கட்டுரையின் முதல் வரியை நான் எழுதியது 7 ஜனவரி. சனிக்கிழமை தாரகன் வந்து துடைத்தால்? ஒரு வரி மிஞ்சாது. நேரே இவரிடம் போனேன்.

"இஞ்சருங்கோ, ஜனவரியில அந்தக் கறுப்புப் பெட்டியில என்னவும் மாத்தினனீங்களோ?"

"பாஸ்வேர்டுகளை இடைக்கிடை மாத்தோணும் எண்டு எங்கையோ வாசிச்சனான். மாத்தினனான்."

"பெட்டியில மாத்தினீங்கள். கம்பியூட்டருக்குச் சொன்னனீங்களோ?"

"அதுக்கும் சொல்லோணுமே?"

புதுக் கடவுச்சொல் என்ன என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கிறார். கடைசியில் சொன்னார். என் பெயர், பக்கத்தில் எங்கள் கலியாண வருடம். அட மனுசா! (யாரும் ஊகித்துவிடுவார்கள். வேறு வைக்கவேண்டும்.)

கணினி சேமித்து வைத்திருந்த பழைய கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து அழித்தேன். புதியதை எழுதினேன். ஆறு மணிக்கு இரண்டு பேரும் திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தோம். ஆறு அடித்தது. கட்டம் வரவில்லை. பிரதி ஓடத் தொடங்கியது.

இவர் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். "தாரகன், நீ வரத் தேவையில்லை. மனுசி திருத்திப்போட்டா." தாரகனுக்கு விளங்கவில்லைப்போல. இரண்டாந்தரம் இன்னும் உரத்துச் சொன்னார்: "ஓம், என்ர மனுசிதான்!"

குசினியில் நின்று கேட்டேன். வெங்காயம் வெட்டுகிற சாக்கில் சிரித்தேன்.

சனி, 15 பெப்ரவரி

கட்டம் இல்லை. ஐந்து பக்கம் எழுதினேன்.

வெள்ளி, 28 பெப்ரவரி

அனுப்பியாயிற்று. முப்பத்தொரு பக்கம். இவர் வாசலில் நின்ற தபால்காரனுக்கும் சொல்லிவிட்டார்.

வியாழன், 20 மார்ச்

வேலைத்தலத்தில் கூட்டம். சித்திரையிலிருந்து புதிய பதிவேட்டு முறை வருகிறது, எல்லாம் கணினியில். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் அதை முதலில் பழகி மற்றவர்களுக்குக் காட்டவேண்டும். "ஆர் வாறீங்கள்?" என்ற மாதிரி எங்கள் பொறுப்பாளர் லோனெ மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

இருபத்தொரு வருடமாக அந்த மேசையில் யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே நான் வாய் திறந்திருக்கிறேன். இன்று ஒரு கை மேலே போனது. அது என்னுடையது என்று தெரிந்தபோது லோனெ என் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். கையை இறக்குவோமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

இறக்கவில்லை.