நாற்பது நிமிடம் கொதித்த தண்ணீர்

டமாஸ்கஸ், பாப் தூமா
நவம்பர் 14

அன்புள்ள லமியா,

நான் நலம். முழங்கால் வலியும் இரத்தக் கொதிப்பும் போன கடிதத்தில் எழுதியபடியே இருக்கின்றன. மொன்றியால் குளிரில் உன்னையும் அன்னை மரியாள் காக்கட்டும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. தையல் மட்டம், நிறமும் ஒரு விதவை உடுத்தும் நிறமில்லை, தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

கீழ் அறையில் குடியிருந்த ஷம்ஸாவின் குழந்தை யாமன் இறந்துவிட்டான். மூன்று மாதப் பிள்ளை. நீ போன பிறகு குடிவந்தவர்கள். கிழக்கே தேர் எஸ்ஸோர் பக்கத்துக்காரர்கள். கணவன் ஃபவாஸுக்கு ரொட்டிக் கடையில் வேலை. ஷம்ஸாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கை சுத்தம். அதை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. இரண்டாம் மாதமே அவளுக்குப் பால் வற்றியதால் பிள்ளைக்குப் பால்மாவு. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர், மற்ற நாளெல்லாம் நம் முற்றத்துக் கிணறு. எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று நானே கற்றுக்கொடுத்தேன். கன்னியர் பள்ளியில் மதர் கிளெமென்டின் எங்களுக்குச் சொன்னது, கொதி வந்தபின் கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். பச்சைக் குழந்தை என்பதால் நான் அதை நாற்பது ஆக்கினேன், என் மேசைக் கடிகாரத்தையும் கொடுத்தேன். அவள் அதை அடுப்புக்கு எதிரே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள், பாத்திரத்தில் பாதிதான் மிஞ்சும். நான் நன்று என்றேன். அந்தச் சொல்லை உனக்குக்கூட நான் அதிகம் சொன்னதில்லை. ஃபவாஸ்தான் பத்து நாளில் காஸ் தீர்கிறது, தண்ணீரைக் காய்ச்சுகிறாயா இரும்பை உருக்குகிறாயா என்று கத்துவான்.

போன மாதக் கடைசியில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வை போடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை உடம்பே சிலேட்டு நிறம். மருத்துவமனை வாசலில் மூச்சு நின்றுவிட்டது. என்ன தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டாராம். மறுநாள் தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து புட்டிகளில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமை முடிவோடு வந்தார். லிட்டருக்கு நைட்ரேட் நூற்று முப்பது மில்லிகிராம், ஐம்பதைத் தாண்டக் கூடாதாம். சந்தில் உடைந்த சாக்கடை கிணற்றுக்குள் கசிகிறது என்று எழுதிக்கொடுத்து, மூடியைப் பூட்டிவிட்டுப் போனார்.

ஃபவாஸுக்குப் புரிந்தது ஒன்றுதான், தண்ணீர் கெட்டது, அப்படியென்றால் இவள் காய்ச்சவில்லை. துக்கத்துக்கு வந்திருந்த அவன் தாய் அதை ஊதிவிட்டாள். எல்லோரையும் முற்றத்தில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான், "காஸ மிச்சம் புடிக்க அரைகுறையா இறக்கிட்டா. மதாம், நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க, இவ ஒழுங்கா காய்ச்சினாளா?" ஷம்ஸா அழவில்லை. "கடிகாரம் உங்களோடது மதாம். சொல்லுங்க" என்றாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்றேன். நின்று பார்க்கவில்லைதான்; ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் பார்த்தேன்.

மாடிக்கு வந்து மேசைவிரிப்பு அலமாரியின் இழுப்பறையைத் திறந்தேன். அடியில் விரித்திருந்தது உன் தண்ணீர்ச் சோதனைத் தாள். உன் தந்தை இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், ஆயர் முன்னிலையில், நம் கிணற்றில் கழிவு கலக்கிறது என்று அறிவித்துவிட்டு என் கையில் திணித்தாயே, அது. ஆறு வருடம் கழித்து இப்போதுதான் படித்தேன். அன்றைக்கே நைட்ரேட் தொண்ணூற்று இரண்டு. அதற்குக் கீழே உன் கோழிக் கிறுக்கலில், காய்ச்சினால் இது போகாது, தண்ணீர்தான் வற்றும், மிஞ்சியதில் நஞ்சு கூடும், கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதியிருக்கிறாய். இதை விருந்தாளிகள் முன் சொல்லாமல் சமையலறையில் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். உனக்கும் இதில் பங்கு உண்டு, அதை நீ சுமந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபவாஸ் அவளை அவள் தகப்பன் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டான், இனி அழைக்கமாட்டானாம். பஸ்ஸுக்கு இரண்டு நாள் முன்பே நான் தாளைப் படித்துவிட்டேன். அவள் போகும்போது கடிகாரத்தை என் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாவி கொடுத்து, நேரமும் சரியாக வைத்து.

அலுவலகத்துக்காரர் மறுபடி வந்து, இந்தக் கிணற்றை முன்பு யாராவது சோதித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மகளுக்கு அங்கே இதே வேலை என்று யாரோ சொல்லி, உன் முகவரியை வாங்கிப்போயிருக்கிறார். எழுதினால் நீயும் இல்லை என்றே பதில் எழுது. எனக்கு எழுபத்தொன்பது வயது, இந்த வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், இனி அது உன் வீட்டில் இருக்கட்டும்.

ஆண்டவர் உன் வேலையையும் உறக்கத்தையும் ஆசீர்வதிக்கட்டும். டிசம்பர் மூன்றாம் தேதி தந்தையின் நினைவுத் திருப்பலி, மறந்துவிடாதே. ஷம்ஸாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்குக் கடிதம் எழுதி அஞ்சல் தலையை வீணாக்காதே.

உன் தாய்,
ஓடெட்