எண்பதில் நடுங்கிய வண்டி

மதினி,

வண்டி சர்வீசுக்காக இன்று காலை அந்த ஷோரூமுக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே புது டயர் ரப்பரும் எலுமிச்சை ஸ்பிரேயும் கலந்த அந்த வாடை மூஞ்சியில் அடித்தது. உங்களுக்கு அது தலைவலி கொடுக்கும். ‘உள்ள இருக்கத மறைக்கதுக்குத்தான் இம்புட்டு வாசன’ என்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர்கள் ஸ்பிரேயைக்கூட மாற்றவில்லை.

அண்ணன் இறந்த பிறகு உப்புப் பாக்கெட் வியாபாரத்தை நீங்கள்தான் தூக்கி நிறுத்தினீர்கள். தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், அருப்புக்கோட்டை கடைகள்வரை நீங்களே ஓட்டிப் போவீர்கள். அப்போது வண்டி ஓட்டத் தெரியாத நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்து மூட்டை இறக்குவேன். பழைய வண்டி ஓய்ந்ததும் அந்த ஷோரூமில்தான் புதுப் பிக்கப் வண்டியை எடுத்தோம். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள்.

முதல் லோடு. குறுக்குச்சாலை தாண்டி நாலுவழிச் சாலையில் முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு முதுகுத்தண்டில் ஏறியது. எழுபதுக்கு இறக்கினால் ஒன்றுமில்லை.

“தம்பி, ஒங்களுக்குத் தெரியுதா?”

“தெரியுது மதினி. பல்லு கூசுது.”

வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். சர்வீஸ் மேனேஜர் என்று ஒரு டை கட்டிய ஆள் வந்தான். குறையைச் சொன்னது நீங்கள். அவன் பதில் சொன்னது எனக்கு. “சார், அம்மாவுக்குப் பெரிய வண்டி இன்னும் பழகல. கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.”

“எங் கை நடுங்கலப்பா,” என்றீர்கள். “ஒன் வண்டிதான் நடுங்குது.”

வீல் பேலன்சிங் செய்தான். போகவில்லை. அலைன்மென்ட் பார்த்தான். போகவில்லை. பிறகு ரோட்டைக் குறை சொன்னான், லோடைக் குறை சொன்னான், “லோடு வண்டி கார் மாதிரி இருக்குமா சார்?” என்று என்னிடம் சிரித்தான். வெறும் வண்டியாக ஓட்டினாலும் அதே நடுக்கம். ஒவ்வொரு லோடும் முடிந்து வீட்டுக்கு வந்தால் உங்கள் விரல்கள் மரத்துப்போயிருக்கும், சோறு பிசைய வராது. துறைமுகத்துக் கரி லாரிகளை முந்தும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அருப்புக்கோட்டைக் கடைக்கார அண்ணாச்சிவேறு, “பேசாம ஒரு டிரைவரப் போட்டுருங்களேன்” என்றார். உங்கள் உதட்டோரம் லேசாகக் கோணியது.

மறுநாள் மேனேஜரை வண்டியில் ஏற்றி நம் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தீர்கள். எண்பது வந்தது. அவன் சட்டைப்பையில் இருந்த பேனா, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் மோதி டகடகவென்று அடித்தது.

“இப்ப என்ன சொல்லுத?”

“நார்மலாத்தாம்மா இருக்கு.”

உடம்பெல்லாம் ஆடிக்கொண்டே ஒரு மனுஷன் பொய் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, அழுக்குப் பிடித்த உப்பைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தீர்கள். “ஒன் கன்னம் ஆடிச்சு. அதயும் நாந்தான் ஆட்டுனேனா?”

அதோடு விடவில்லை. ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த அதே மாதிரி வண்டியைக் கேட்டு வாங்கி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டினீர்கள். அசைவே இல்லை. அதன் சக்கரங்களைக் கழற்றி நம் வண்டியில் மாட்டச் சொன்னீர்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. இனி ரோட்டையும் சொல்ல முடியாது, டயரையும் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் வண்டியை மேலே தூக்கினார்கள்.

கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். நீங்கள் போனீர்கள், பின்னால் நானும். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான ஷாஃப்டை மெக்கானிக் துணியால் துடைத்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். கம்பெனியிலிருந்து பெரிய லாரியில் ஏற்றி வரும்போது சங்கிலியை அதன்மேல் போட்டு இறுக்கியிருப்பார்கள் என்றார். அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் ஷாஃப்ட் முழுக்க மங்கிய கறுப்பாக இருக்க, நசுங்கிய இடம் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தது. பிரஷ் இழுத்த தடம்கூடத் தெரிந்தது.

“எங்க கண்ணுலயே படலம்மா,” என்றான் மேனேஜர்.

“கண்ணுல படாமலா அந்த எடத்துல மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்கிய?”

ஷாஃப்டை மாற்றினார்கள். நடுக்கம் நின்றது. சாவி வாங்கப் போன அன்று ஸ்வீட் பாக்ஸ் நீட்டி, ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். இரண்டையும் மேஜைமேல் வைத்தீர்கள்.

“நடுங்குனது எங் கைன்னு சொன்னேல்லா? அது தப்புன்னு சொல்லு.”

வழக்கம்போல என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. “தப்புதாம்மா,” என்று உங்கள் செருப்பிடம் முணுமுணுத்தான்.

“எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

சொன்னான்.

இன்று அவனுக்குத் தனி அறை, சுழல் நாற்காலி. என்னைக் கண்டதும் எழுந்து வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அம்மா போனது ரொம்ப வருத்தம் சார். எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. எங்க மேல ரொம்பப் பிரியமா இருந்தாங்க.”

“இல்ல,” என்றேன். “அவங்களுக்கு ஒங்களப் புடிக்கவே புடிக்காது.”

முகத்தில் இருந்த துக்கம் சட்டென்று கழன்றது. அடியில் இருந்தது அதே பழைய ஆள்தான். காபி சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

காலம் போனால் கோபம் ஆறிவிடும், மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மனசு உங்களுக்கு இருந்ததில்லை, நீங்கள் அதற்கு வெட்கப்பட்டதுமில்லை. வியாபாரம் உங்கள் மகளுக்குப் போனது, நன்றாகவே பார்க்கிறாள். இந்த ஆட்கள்மீது உங்களுக்கு இருந்த இளக்காரம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு துளியும் குறையாமல் வைத்திருக்கிறேன், மதினி.