இரண்டு பக்கமும் சரி

2006 ஜூன் 12, திங்கள்

அடைமழை. ஹட்டனில் கரண்ட் இரண்டு முறை போனது. வேலை பாதியில்.

ஏழு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிகளில் எங்கள் மென்பொருள். நோயாளர் பதிவு ரவியுடையது. மருந்துச் சீட்டு அச்சடிப்பது என்னுடையது. தனித்தனி நிரல், இருவரும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். ஆளை அடையாளம் காண, தோட்டப் பதிவேட்டில் தொழிலாளிக்குக் கொடுக்கும் பேர் நம்பரை மட்டும் வைத்தது எங்கள் முட்டாள்தனம். தோட்டத்தில் அம்மா வேலையை விட்டால் அதே நம்பர் மகளுக்கு. எங்கள் வீட்டிலும் அம்மா நம்பரில்தான் தங்கச்சி லதா கொழுந்தெடுக்கிறாள். இனிப் பிறந்த தேதியையும் சேர்த்துத் தேட வேண்டும். இரண்டு நிரலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும்.

பதிவு நிரலின் எந்தப் பதிப்போடு சீட்டு நிரலின் எந்தப் பதிப்பு போகும் என்று குறித்து வைப்போம் என்றேன். ரவி யாழ்ப்பாணத்து வாத்தியார் மகன், எதற்கும் பதறமாட்டான். "ரெண்டு பேர்தானே இருக்கிறம். ஞாபகம் இருக்கும். நீர் ஏன் யோசிக்கிறீர்?"

நானும் விட்டுவிட்டேன்.

14, புதன்

மழை. இருமல். குடைக்கம்பி உடைந்தது.

றொசல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரவி புதிய பதிவு நிரலைப் போட்டுவிட்டான். என் புதிய சீட்டு நிரல் முடியவில்லை, அங்கே பழையதே. பிழை எதுவும் காட்டவில்லையாம். நிம்மதி.

16, வெள்ளி

லதா.

காலில் சீழ் என்று டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். அவளுக்குப் பென்சிலின் ஆகாது. ரவியின் பதிவில் அது இருக்கிறது. ஆனால் புதிய பதிவில் அந்த நம்பரில் இருவர்; என் பழைய சீட்டு நம்பரை மட்டும் பார்த்து, முதலில் இருந்த அம்மாவின் விவரத்தை எடுத்திருக்கிறது. ஒவ்வாமை இல்லை என்று அச்சாகியிருக்கிறது. சீட்டில் பெயர் வராது, நம்பர் மட்டுந்தான்.

அம்மா போனில்: "அவ சொன்னாளாம் பாப்பா. கம்ப்யூட்டர்ல இல்லேன்னு வருதேன்னு புது டாக்டரய்யா ஊசி போட்டுட்டாங்க. லொறியில ஏத்துனோம். றோட்டுலயே மூச்சு நின்னுருச்சு."

17, சனி

அடக்கம். தப்பு மேளச் சத்தம் இன்னும் காதில்.

ரவி வந்து ஓரமாக நின்றான். "என்ரை பக்கம் சரியாத்தான் இருந்தது, ஜெயா."

உண்மைதான். பழைய பதிவில் ஒரு நம்பருக்கு ஒரே ஆள்; அதோடு என் பக்கமும் சரிதான். இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க யாருமில்லை. அவனை அறையத் தோன்றியது. என்னையும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

19, திங்கள்

தூறல். மற்றத் தோட்டங்களில் எதோடு எது கிடக்கிறது? இருவருக்கும் ஞாபகமில்லை.

இறம்பொடை - இரண்டும் பழையது, தப்பித்தது.
வலப்பனை - கலந்து கிடக்கிறது. நிறுத்தச் சொல்லியாயிற்று.
மற்ற இடங்களில் போன் எடுக்கவில்லை. ரவி பஸ்ஸில் போயிருக்கிறான்.



21, புதன்

சீட்டு முடிந்தது. இரண்டு நிரலுக்கும் ஒரே பதிப்புக் குறி. குறி பொருந்தாவிட்டால் எதுவும் அச்சாகாது. பெயரும் வரும். இத்தனையும் அரை நாள் வேலை.

எங்கள் தோட்டத்துக்கு நானே கொண்டுபோனேன். டாக்டரய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்பரையும் பிறந்த தேதியையும் அடித்தேன்.

"இப்ப சரியா வருதும்மா," என்றார்.

சீட்டில்: லதா. பென்சிலின் கொடுக்கக் கூடாது.