இதே தீவு, புதிய தீவு

ஆகஸ்ட் 11, திங்கள்

ரெஜினுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். தெர்மல் பவர் ஸ்டேஷன் வேலையிலிருந்து வந்து குளித்தான், சாப்பிட்டான், சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பார்சலைப் பிரித்தான். தீவு, இரண்டாம் பாகம். அந்த வீடியோ கேமுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு, இரண்டு பேர் வாயிலும் அது நுழைந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு அது தீவுதான்.

"உனக்காகத்தான் லிடி ஆர்டர் போட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நல்லது" என்றேன்.

(அவன் அம்மா, அதாவது அத்தை முன்னால் அவர், வாங்க, போங்க. இந்த டைரியில் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அவன்தான்.)

ஜூன் கடைசியில் குழந்தை கலைந்துபோனது. மூன்றாம் மாதம் முடிகிற சமயம். இதை எழுத முடியாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன். டீ போட வேண்டும், அத்தை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

தீவில் நாம் ஒரு விளக்குக்காரர். படகு கரை தட்டும். கையில் ஒரு லாந்தர். எண்ணெய் தீர்வதற்குள் சாவியைக் கண்டுபிடித்து, கலங்கரை விளக்கத்தில் ஏறி, மேலே விளக்கேற்ற வேண்டும். அவ்வளவுதான் கதை.

முதல் பாகத்தில் ஒரே ஒரு தீவு. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டியது. பாலம் தாண்டி இடது பக்கம் இடிந்த கிணறு, கிணற்றுக்குப் பின்னால் ஒரு ஆடு. நாம் எங்கே போனாலும் அது நம்பாமல் முறைக்கும், அதனால் பைபிளில் சந்தேகப்படுகிற தோமாவின் பெயரை வைத்தோம். அவன் ஓட்டுவான், நான் வழி சொல்லுவேன். செத்தால் மறுபடி அதே கரை, அதே பாலம், அதே தோமா. எந்தப் பலகை உடையும் என்று எங்களுக்குத் தெரியும். ஆட்டத்தை முடித்த பிறகும் சும்மா போய் நடந்துவிட்டு வருவோம்.

இரண்டாம் பாகத்தில் தீவை யாரும் கட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் மெஷினே குலுக்கிப் போடுகிறது. ரெஜினுக்குத் தலைகால் புரியவில்லை. "நாம பாக்குற தீவ உலகத்துல வேற யாருமே பாத்திருக்க மாட்டாங்க லிடி! போரே அடிக்காது."

நான் மூன்று தீவு விளையாடினேன். எல்லாம் புதிது. ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. ஆடும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தீவிலும் வேறு ஆடு. எதற்கென்று பெயர் வைப்பது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள், சுதந்திர தினம், இரண்டும் ஒன்றாக. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் எதிர் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி அக்கா கொடியேற்றத்தில் கொடுத்த லட்டோடு நிற்கிறார். "போனது போவட்டும் லிடியா. அடுத்த வருஷம் இன்னொண்ணு கையில இருக்கும், பாத்துகினே இரு." நல்ல மனுஷி. நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

நானும் தலையாட்டிவிட்டு லட்டை வாங்கிக்கொண்டேன். இனிப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆபீசில் இன்று ஒரு ரிப்போர்ட் திரும்பி வந்தது.

காண்ட்ராக்டர் ஆபீசில் என் வேலையே இதுதான். வேலையிடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால், விரல் நசுங்கினால், ஸ்பானர் கைநழுவினால், எழுதி வருவதை டைப் செய்து அனுப்ப வேண்டும். காரணம் என்ற இடம் காலியாக இருந்தால் சேஃப்டி பார்க்கிற ஜெயகணேஷ் சார் விடமாட்டார். "காரணம் இல்லாம எதும்மா நடக்கும்? ஏன், ஏன்னு கேட்டுகினே போ, கடைசில ஒண்ணு மாட்டும்." எதுவும் மாட்டாவிட்டால் நாங்கள் 'கவனக்குறைவு' என்று போட்டுவிடுவோம். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இன்றைக்கும் அதையே போட்டேன். உடனே ஓகே ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்றாள். போகவில்லை. காடாம்புலியூர் ரோட்டில் இன்னொரு தடவை என்னால் போக முடியாது.

ஜூனில் அந்த ரோட்டில்தான் வண்டியில் போனோம். ரோடு வேலை நடக்கிற இடத்தில் ஒரு பள்ளம், வண்டி தூக்கிப் போட்டது. அம்மா வீட்டில் பலாப்பழம் வெட்டினார்கள். சாப்பிட்டேன். ஒன்றிரண்டு சுளை இல்லை, ஆசையாக, நிறைய. அதற்கு முந்தின வாரம் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைத்தேன். யார் துடைக்கச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை.

பலாவா, பள்ளமா, ஸ்டூலா?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். "காரணம்னு ஒண்ணும் இல்லம்மா. சிலது உருவாகும்போதே சரியா உருவாகாது, உடம்பே விட்டுடும். நீ என்ன பண்ணியிருந்தாலும் இதான்." ரெஜினும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காரணத்தைக் காலியாக விட்டால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

அத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "பலாப்பழம் சூடு, நான் அப்பவே நெனச்சேன்." அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தடவை போதாதா?

செப்டம்பர் 2, செவ்வாய்

சாம்பாருக்கு உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். லீவு போட்டேன். அத்தை கோயிலுக்குப் போனார், ரெஜினுக்கு ஷிப்ட். தனியாக இருந்தேன். தீவைப் போட்டேன்.

எனக்கு ஏன் இந்த இரண்டாம் பாகம் ஒட்டவில்லை என்று இன்று கொஞ்சம் புரிந்தது. முதல் பாகத்தில் செத்தால் ஏன் செத்தோம் என்று தெரியும். அந்தப் பலகையில் கால் வைத்தோம், வைத்திருக்கக் கூடாது. அடுத்த தடவை வைக்கமாட்டோம். இதில் செத்தவுடன் இரண்டு பட்டன் வருகிறது: இதே தீவு, புதிய தீவு. ரெஜின் யோசிக்காமல் புதிய தீவை அமுக்குவான். நேற்றுச் செத்த தீவில் என்ன தப்பு செய்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்றால் எதற்கு விளையாட வேண்டும்?

எனக்கு இன்று வந்தது சின்னத் தீவு. செம்மண், நாலைந்து பனைமரம், ஆடுகூட இல்லை. சாவி எங்கே என்று தேடவே வேண்டாம், கடலுக்குள் தனியாக நிற்கிற ஒரு பாறை மேல் பளிச்சென்று தெரிகிறது. அங்கே போகத்தான் வழி தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்து செத்தேன். இதே தீவை அமுக்கினேன். மறுபடி செத்தேன். மறுபடி இதே தீவு.

செப்டம்பர் 17, புதன்

இன்னும் அதே தீவுதான். பனைமரத்துக்குக் கீழே ஒரு படிக்கட்டு இருக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. நான் எதையோ பார்க்காமல் விடுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சண்டை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு கேமுக்காக.

"வேற தீவு போடேன் லிடி. பாக்கவே பாவமா இருக்கு."

"எனக்கு இதான் வேணும்."

"சனியன், அத வுட்டுட்டுப் புதுசுக்குப் போனா என்ன கொறஞ்சுபோவும்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கத்தல் வந்ததோ. "ஆமா, எல்லாத்துக்கும் புதுசு போட்டா முடிஞ்சுது, இல்ல? ஊர்ல எல்லாரும் அதான் சொல்றீங்க!"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அத்தை அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

ஏன் கத்துனேன்? அவன் மேல என்ன கோவம் எனக்கு? அவன் புள்ளயும்தானே அது. எனக்கு ஒண்ணுமே தெரியல.

செப்டம்பர் 30, செவ்வாய்

பேசிக்கொள்கிறோம். தண்ணி வேணுமா, கேட்டைப் பூட்டியாச்சா, அந்த மாதிரி.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிட்டோம். ரெஜினுக்கு ஆஃப். நான் தீவைப் போட்டேன். அவன் வந்து தரையில் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடு, நான் ஒரு தடவ பாக்குறேன்" என்றான்.

அவசரப்படவில்லை. ஷிப்ட் பொறுப்பேற்கும்போது பைப் லைன் முழுக்க நடந்து பார்ப்பானாம், அதே மாதிரி கரையோரமாகத் தீவை ஒரு சுற்று வந்தான். ஒவ்வொரு விளிம்பிலும் நின்றான். தாவிப் பார்த்தான். படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தான். செத்தான். புதிய தீவை அமுக்குவான் என்று நினைத்தேன். இதே தீவை அமுக்கினான். மறுபடி நடந்தான்.

பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"லிடி, இதுல வழியே இல்ல."

"இருக்கும். நான்தான் எங்கயோ வுட்டுட்டேன்."

"நீ ஒண்ணும் வுடல. குலுக்கிப் போடுறதுதானே இது? பாலம் வர வேண்டிய எடத்துல வரல. இந்தத் தீவு வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு. நீ ஆடினாலும் இதான், நான் ஆடினாலும் இதான், யாரு ஆடினாலும் இதான்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி பாறை மேல் பளிச்சென்று இருந்தது. எத்தனை நாள் இந்தக் கரையில் நடந்திருக்கிறேன்! எத்தனை தடவை நான்தான், நான்தான் என்று... அழுதேன். ஜூனிலிருந்து அழவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாமல் நர்சிடம் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தவள், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவன் குரல் வேறு மாதிரி வந்தது. "அந்தப் பள்ளத்துல நான் வண்டிய மெதுவா வுட்டிருக்கணும். தெனம் அந்த எடத்த நெனச்சுகினுதான் வேலைக்குப் போறேன்."

இவனுமா? ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான். முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டான். சொன்ன எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது.

அத்தை காபி எடுத்துக்கொண்டு வந்தார். நான் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி முடிக்கும்வரை வாசல்படியிலேயே நின்றார். பிறகு டம்ளர்களை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காபி ஆறிப்போய்த்தான் குடித்தோம்.

அக்டோபர் 8, புதன்

"புதுசு போடலாமா?" என்று கேட்டான். இன்றைக்கு வேண்டாம் என்றேன். சரி என்றான். அந்த வழியில்லாத தீவிலேயே எண்ணெய் தீரும்வரை கரையோரமாகச் சும்மா நடந்தோம். அவன் ஓட்டினான், நான் சொல்ல வழி எதுவும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புஷ்பவல்லி அக்கா வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. மழை, வெடிச்சத்தம் குறைவு.

மத்தியானம் நானே புதிய தீவை அமுக்கினேன். மெஷின் என்ன நினைத்ததோ, பக்கத்துப் பக்கத்தில் மூன்று கலங்கரை விளக்கங்களைப் போட்டு, படகையும் ஒன்றின் உச்சியில் கொண்டுபோய் வைத்திருந்தது. ரெஜின் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

முதல் பாகம்தான் நல்ல கேம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தீவை யாரோ நினைத்து நினைத்துக் கட்டினார்கள், அதனால்தான் நமக்கும் அதன் மேல் பிரியம் வந்தது. இதில் அந்தப் பிரியம் எனக்கு எப்போதும் வராது. ஆனால் இதில் யாரும் எனக்காகக் குழி வெட்டி வைக்கவில்லை. விழுந்தால் விழுந்ததுதான்.

இன்னும் எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. அதிரசம் கொஞ்சம் கடினம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ரெஜின் நேற்றே போய் அவன் அப்பா, என் மாமாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தான். சாயந்திரம் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். அத்தையின் அக்கா திருவதிகையிலிருந்து வந்திருந்தார், நான் பெரியத்தை என்பேன். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் அவரைப் பார்க்கிறேன்.

சாமந்தியை உதிர்த்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "எதனால போச்சு உனக்கு? எதையாவது தூக்குனியா?"

"இல்ல பெரியத்தை. நான் ஒண்ணும் பண்ணல. அது அப்படி ஆயிடுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னேன். இந்த வார்த்தையை நான் வாய்திறந்து சொல்வது இதுதான் முதல் தடவை என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரெஜின் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"அதெப்படி சும்மா..." என்று பெரியத்தை ஆரம்பித்தார்.

"அதான் சொல்றா இல்ல?" என்றார் அத்தை. "அவ ஒண்ணும் பண்ணல. பலாப்பழம் துன்னா புள்ள போவுமா? பலா வெளயுற அவ அம்மா ஊர்ல ஒருத்தியும் புள்ள பெத்திருக்க மாட்டா. கேட்டுகினே நிக்காத, பூவப் போடு."

பெரியத்தை பூவைப் போட்டார். அத்தை பையைத் துழாவி ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். மாமாவுக்கு ஏற்றியாகிவிட்டதே என்று நான் விழித்தேன்.

"இது அதுக்கு" என்றார். "எங்க வெக்கணும்னு தோணுதோ, அங்க வை."

மாமாவின் கால்மாட்டில், ஓரமாக, ஈர மண்ணில் ஊன்றினேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு தீக்குச்சி வீணானது. ரெஜின் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் சுற்றி வைத்துக்கொண்ட பிறகுதான் பற்றியது. பாதி எரிகிறவரை அவன் கையை எடுக்கவில்லை. மழை பிடிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.