ஐந்தாம் நாள் தட்டு

லிமரிக்,
9 மே 1993

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், பாஸ்டனில் குளிர் விட்டு நீயும் சுகமாக இருப்பாய். கிரான்யாவை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம், இருபது வயது. தம்பி டோனாக்கைப் போலவே நுரையீரலில் சளி கட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு பிறந்து, ஆஸ்பத்திரி வார்டில் அவனோடு பழகி, அவனையே கட்டிக்கொள்வதாக இருந்தவள். பிப்ரவரியில் அவள் சளியிலிருந்த கிருமியை எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தது நான்தான். கிருமி வளர்க்கும் சாதாரணத் தட்டில் வழக்கமான கிருமி கொழகொழவென்று மூடிக்கொள்ளும், அடியில் இருப்பது தெரியாது, அதனால் தனி ஊட்டம் போட்ட தட்டில் ஐந்து நாள் சூட்டில் வைத்தேன். ஐந்தாம் நாள் ஊசிமுனை ஊசிமுனையாக முளைத்திருந்தது, வெங்காயத்தை அழுகவைக்கும் அந்தக் கிருமி. இந்த நோய் உள்ளவர்கள் நுரையீரலில் ஏறினால் எந்த மருந்துக்கும் அசையாது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும்.

அன்று மாலை அவள் சைக்கிளில் வந்தாள். கதவைப் பாதி திறந்து விஷயத்தைச் சொல்லி, என் பையனக் கொல்லாம ஓயமாட்டியா, இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னேன். சரிங்க, நானே அவன வேணாம்னுட்டேன்னு சொல்லிடுங்க, அப்பதான் தேடி வரமாட்டான் என்றாள். அப்படியே சொன்னேன். டோனாக் வாய்க்கு வந்தபடி திட்டி அவளுக்கு எழுதிய கடிதத்தை நானே தபாலில் போட்டேன்.

மார்ச்சில் அவன் தட்டிலும் அது முளைத்தது. அவள் கொடுத்ததுதான் என்று பெரிய டாக்டரிடம் கத்தினேன். அவர் இருவர் கிருமியையும், உறையவைத்திருந்த பழைய சளியையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். செவ்வாயன்று பதில் வந்தது. இரண்டும் ஒரே கிருமி. டோனாக்கின் போன ஆகஸ்ட் சளியிலேயே இருக்கிறது, அவள் சளி டிசம்பர் வரை சுத்தம். அவனிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது. ஆகஸ்டில் விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் தட்டை இரண்டே நாளில் எடுத்து எறிந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

கல்லறையில் கிரான்யாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னிக்கு நீங்க கண்டிப்பா இருந்ததும் நல்லதாப் போச்சு பிரெண்டன், உங்க புள்ளையாவது தப்பிக்கட்டும் என்றாள். அவனுக்கும் வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. பிறகு அவர்கள் வீட்டில் ஹாம் சாண்ட்விச் தின்றேன்.

டோனாக் அடக்கத்துக்கு வரவில்லை. அவ எனக்குக் கொடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான்னு நெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறான், இருமல் வந்து சிரிப்பு பாதியில் நிற்கிறது. நான் தலையாட்டுகிறேன். உன் அம்மாவுக்கும் உண்மை தெரியாது. சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே, படித்ததும் இதை எரித்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன் மூச்சைக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸுக்கு என்று வைக்காமல் ஜூனிலேயே வந்துவிடு.

உன் அப்பா,
பிரெண்டன்